அந்தக் கையெழுத்தைப் போடாதே, பிலோமி

கேமரன் மலை
1983 அக்டோபர், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பிலோமிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் காய்ச்சல் இருமல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் தினமும் ஜெபமாலையை முடிக்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இங்கே விடாத மழை, ரிங்லெட் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்ததால் தபால் எல்லாம் தாமதம். தம்பி ஹரோல்ட் திரிங்காப்பில் ஒரு சீனருடைய தோட்டத்துக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறான், வாரத்தில் பாதி நாள் சிங்கப்பூர் ரோட்டில்தான் அவன் குடித்தனம், வீட்டுக்கு வந்தால் பெண் பார்க்கச் சொல்லி என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறான், அக்காவுக்கு முடியாமல் எனக்கா என்று ஒரு பேச்சுக்குக் கூடச் சொல்ல மாட்டேன் என்கிறான். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனாலும் பிரிஞ்சாங் பசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குப் போனால் இனிப்பு அப்பம் தின்னாமல் வீடு திரும்ப மாட்டார், தின்றதை மறைக்கத் தெரியாமல் மீசையில் ஒட்டிக்கொண்டே வந்து நிற்பார். இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். நீ கேட்டதற்கு வருகிறேன்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். உலகத்தில் எந்த டாக்டர் எழுதிய கட்டுரையை வேறு எத்தனை டாக்டர்கள் தங்கள் கட்டுரையில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று வருடா வருடம் எண்ணி, தடித் தடியாகப் புத்தகம் போடுகிறார்கள், அது உங்கள் லைப்ரரியில் இருக்கிறது. உன்னோடு வேலைக்குச் சேர்ந்த ஆண்பிள்ளைகள் பேருக்குக் கீழே அரைப் பக்கம் ஓடுகிறது, உன் பேருக்குக் கீழே நாலைந்து வரிதான். அந்த நாலைந்திலும் பாதிப் பேர், நீ சொன்னது தப்பு என்று சொல்வதற்காக உன்னை எடுத்துக் காட்டியவர்கள். உன் புரொபசர் பேருக்கோ பக்கம் போதவில்லை. காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளைக்கு வருடக் கணக்கில் தினமும் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று அவர் முன்னே எழுதியதைத்தான் எல்லா நாட்டிலும் வேதம் மாதிரி காட்டுகிறார்கள். நீ அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, பெரும்பாலானவர்களுக்கு அந்த மாத்திரை தேவையே இல்லை, மாத்திரை தின்ற பிள்ளைகள்தான் பேச்சிலும் படிப்பிலும் பின்னால் நிற்கிறார்கள் என்று ஒரு டாக்டர் பத்திரிகையில் எழுதிவிட்டாய். இப்போது வேலையை நிரந்தரமாக்குகிற நேரத்தில் அவர் உன்னைக் கூப்பிட்டு, அவசரப்பட்டு முடிவு சொல்லிவிட்டேன் என்று அந்தப் பத்திரிகைக்கு நீயே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, இல்லையென்றால் மாதக் கடைசியோடு கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார். நீ மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தாய், உன் முடிவில் தப்பு இல்லை. ஆனாலும் களைத்துப்போய்விட்டேன், போட்டுவிடட்டுமா அம்மா என்று கேட்டிருக்கிறாய். போடாதே. மற்றதை எல்லாம் பிறகு வாசித்துக்கொள், முதலில் இந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொள், போடாதே.

அப்பா அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன், நாளைக்கு நான் ஒருத்தியே எல்லாம் முடிவு பண்ணினேன் என்று பேச்சு வரக்கூடாது. கடிதத்தை வாசித்துக் காட்டினேன், முழுக்கக் கேட்டார். அப்புறம், "கையெழுத்துதானே லா, போட்டுட்டுப் போவட்டும். எதுத்தாப்ல பெரிய லோரி வந்தா நாமதான் ஓரம் ஒதுங்கணும், நம்ம மேல தப்பு இல்லன்னு நடு ரோட்ல நின்னா யாருக்கு அடி? நாளைக்கு அவளும் பெரிய புரொபசரா வருவா, அப்ப உள்ளத உள்ளபடி எழுதட்டும், யாரு வேணாங்கறா?" என்றார். அவர் சொல்வதில் அர்த்தம் இல்லாமல் இல்லை, இந்த மலை ரோட்டில் இத்தனை வருடம் தேயிலை லோரியை ஓட்டி உயிரோடு வீடு வந்து சேர்ந்தவர் சொல்கிற பேச்சு அது. நீ படிக்கப் போனபோது யார் யாரிடமோ கையைக் கட்டி நின்றவரும் அவர்தான். ஆனால் நான் கேட்டேன், அவள் பெரிய ஆளாகிற வரைக்கும் அந்த மாத்திரையைத் தின்னப்போகிற பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று. அதோடு இன்னொன்றும் சொன்னேன், உனக்கும் அதையே சொல்கிறேன். நீ அந்தக் கடிதத்தை எழுதினால் உன் பேரை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள் மகளே, எழுதினவளே தப்பு என்று ஒத்துக்கொண்டாள் பாருங்கள் என்று ஒவ்வொருத்தனும் காட்டுவான், அந்தத் தடிப் புத்தகத்தில் உன் பேருக்குக் கீழேயும் பக்கம் பக்கமாக ஓடும், அந்த மாதிரி ஒரு பேர் நமக்கு வேண்டாம். அப்பா, நான் சொன்னது சொன்னதுதான் என்று எழுந்து போய்விட்டார்.

எண்ணிக்கையைப் பார்த்து நீ கூனிப்போவதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நிறுவையை எனக்கா நீ சொல்லித்தர வேண்டும்? கையால் கிள்ளாமல் கொழுந்து வெட்டுகிற கத்தரி வந்த பிறகு நம் மலையில் நடப்பது உனக்குத் தெரியாது. முற்றல் இலையும் குச்சியுமாகச் சரக் சரக்கென்று வெட்டித் தள்ளுகிறவளுக்குத் தராசு நன்றாக ஏறுகிறது, பார்த்துப் பார்த்துக் கொழுந்தாகக் கிள்ளுகிறவளுக்கு முள் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தராசு பொய் சொல்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், எடை எவ்வளவு என்று கேட்டால் அது எடையைச் சொல்லும், உள்ளே இருப்பது கொழுந்தா குச்சியா என்று கேட்டால் அதற்கு என்ன தெரியும். நீ பனியிலும் மழையிலும் பஸ் பிடித்து ஒவ்வொரு பிள்ளையின் வீடாகப் போய், தாய்மாரோடு உட்கார்ந்து பேசி, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வரை காத்திருந்து பார்த்துவிட்டு எழுதுகிறவள். அப்படி எழுதினால் கட்டுரை குறைவாகத்தான் வரும். வரட்டும்.

இதுவரை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு காரியத்தை இப்போது சொல்லப் போகிறேன், நீ அங்கே தனியாக இருக்கிறவள், வீணாகக் கலங்குவாய் என்றுதான் எழுதவில்லை. ஐந்தாம் லயத்து வீட்டு வரிசையில் குணவதி என்று ஒரு பெண், நீ போன பிறகு கல்யாணம் கட்டி வந்தவள், கொழுந்து பறிக்கிறாள். அவள் பிள்ளை நீலா, மூன்று வயது ஆகப்போகிறது, தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற என் ஆயாக் கொட்டாயில் குழந்தையிலிருந்தே வளர்ந்தவள். வாயாடி. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டு மங்குக் கிண்ணத்தைத் திறந்து பார்ப்பதுதான் அவளுக்கு வேலை, லூர்து என்று சொல்ல வராமல் என்னை லூது லூது என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே வருவாள். போன வருடம் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்து வலிப்பும் வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் வேலப்பன் தினமும் கொடுக்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார், அவரைக் குறை சொல்ல முடியாது, மேலே இருந்து வந்த முறை அதுதான். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை வேறு பிள்ளை ஆகிவிட்டது பிலோமி. ஒரு மூலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், சில நேரம் தூங்கி வழியும், சில நேரம் காரணமே இல்லாமல் தலையைச் சுவரில் முட்டி அழும், இருந்த வார்த்தைகளும் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் லூதுவும் போய்விட்டது. குணவதி என் மடியில் பிள்ளையைப் போட்டு, "அக்கா, காச்ச வந்து மூள போயிருச்சோ" என்று கேட்டு அழுதாள். காய்ச்சலாலா மாத்திரையாலா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நீ லீவில் வந்திருந்தபோது சொன்னது ஞாபகம் வந்தது, நீ அனுப்பிய கட்டுரையும் வீட்டில் இருந்தது, அப்பா பிளாஸ்டிக் உறை போட்டு உன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாரே அதுதான். நான் அதை எடுத்துக்கொண்டு குணவதியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே புதிதாக ஒரு மலாய் டாக்டர் வந்திருந்தார், ரொஹானா என்று பேர், உன் வயதுதான் இருக்கும். பிள்ளையை நன்றாகப் பார்த்துவிட்டு, நான் கொடுத்த கட்டுரையை நின்றபடியே புரட்ட ஆரம்பித்தவர் அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இதை எழுதினது யார் என்று கேட்டார், அனாக் சாயா, என் பிள்ளை என்றேன். என்னையும் என் கையையும் ஒரு தடவை பார்த்தார். இது ஒன்றை மட்டும் வைத்து என்னால் எதுவும் செய்ய முடியாது, இன்னும் படிக்க வேண்டும், பெரிய டாக்டர்களையும் கேட்க வேண்டும் என்று சொல்லி அடுத்த மாதம் வரச் சொன்னார். அதுவே எனக்குப் பிடித்தது. அடுத்த மாதம் போனபோது ஒளிக்காமல் சொன்னார், கேட்ட இடத்தில் பெரிய டாக்டர் மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்லி உன் புரொபசர் கட்டுரையைத்தான் காட்டினாராம். அப்படியும் இவர் உன்னுடையதை மறுபடி மறுபடி வாசித்திருக்கிறார். குணவதியை எதிரே உட்காரவைத்து, நான் தமிழில் எடுத்துச் சொல்ல, எல்லாவற்றையும் விளக்கினார். மாத்திரை தின்றாலும் தின்னாவிட்டாலும் காய்ச்சல் வந்தால் வலிப்பு மறுபடி வரக்கூடும், பார்க்கப் பயமாக இருக்கும், இந்தப் பிள்ளைக்கு அதனால் மூளை கெடும் என்று நான் நினைக்கவில்லை, முடிவு தாய்தான் சொல்ல வேண்டும் என்றார். குணவதி யோசிக்கவே இல்லை, நிறுத்துங்கள் என்றாள். ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பெரிய வியாழன் அன்று நான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து முந்தானையை இழுத்து லூது என்று ஒரு சத்தம். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு நான் அழுததைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழுதார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் அப்போதே உனக்கு எழுதியிருப்பேன். ஆகஸ்டு மாதம் தோட்டம் முழுக்கக் காய்ச்சல் பரவியது. ஒரு நாள் காலை நீலாவுக்குக் கொட்டாயிலேயே உடம்பு சுட்டது, நான் ஈரத்துணி எடுக்கத் திரும்பினேன், அதற்குள் பிள்ளை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் இரும்புச் சாவியைக் கையில் கொடு, வாயில் கரண்டியை வை என்று கத்தினார்கள், நான் யாரையும் கிட்ட விடவில்லை. நீ சொல்லிக்கொடுத்த மாதிரி ஒருக்களித்துப் படுக்கவைத்து, துணியைத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அது அடங்குகிற வரை காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் நினைத்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். என் மகள் தப்பாக எழுதியிருந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். ஒரு தாயை நம்பவைத்து அவள் பிள்ளையைக் கொன்றுவிட்டோமா என்று நினைத்தேன். அப்பாவே லோரியில் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனார், ரொஹானா டாக்டர் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார், முதுகில் ஊசி போட்டுக் கூடப் பார்த்தார், மூளைக் காய்ச்சல் இல்லை, வேறு ஒரு கேடும் இல்லை, இது வரலாம் என்று சொன்னது வந்தது, அவ்வளவுதான் என்றார். மூன்றாம் நாள் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது.

ஆனால் தோட்டத்தில் பேச்சு நின்றதா? மலாய்க்காரர்கள் வலிப்பைச் சாவான் என்பார்கள் இல்லையா, நம் சனமும் அதையே சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளைக்குச் சாவான் பிள்ளை என்றே பேர் வைத்துவிட்டது, தமிழ்க் காதில் அந்த வார்த்தை எப்படி விழும் என்று நீயே யோசித்துப் பார், பெற்றவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் குழாயடியில் தண்ணீர் பிடித்தாள். லூர்தம்மாள் மகள் சீமையில் ஆராய்ச்சி பண்ணுகிறாளாம், அதற்கு நம் லயத்துப் பிள்ளைகளா கிடைத்தார்கள் என்றும் பேசினார்கள். அது புதுத் துரை காதுக்குப் போய், என்னையும் குணவதியையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, தோட்டத்து மேனேஜர், நம் ஆள்தான், கோலாலம்பூரில் படித்தவர். டிரசரும் நின்றார். வலிப்புப் பிள்ளை இனிமேல் கொட்டாயில் இருக்கக் கூடாது, மாத்திரையை மறுபடி ஆரம்பித்தால் பார்க்கலாம் என்றார் துரை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை நான் காட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை, "ஒங்க மக எழுதினத இந்த டாக்டரம்மாவ தவிர வேற யாரு நம்பறா? சீமைல ஆயிரம் பேரு எழுதுவான், அதெல்லாம் யாரு கண்டா லா" என்றார். நான் வாயைத் திறக்குமுன் குணவதி முன்னால் வந்தாள். அதுவரை அந்தப் பெண் துரை முகத்தை நிமிர்ந்து பார்த்தவள் இல்லை. "யாரும் நம்ப வேணாங்கய்யா, நான் பாத்தேன். மாத்தரக்கி முன்ன எம்புள்ள பேசுச்சு, மாத்தர குடுத்தப்ப பேச்சு போச்சு, நிறுத்தினதும் வந்துருச்சு. இழுப்பு வந்தா நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கறேன், எம்புள்ள வாய நான் இன்னொரு தடவ அடைக்க மாட்டேன்" என்றாள். துரை, அப்படியானால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்கு வராதே என்றார்.

எனக்கு அப்போது வந்த கோபம் உனக்குத் தெரியும், உன் தாத்தாவுக்கு வரும் கோபம். இடுப்பிலிருந்த கொட்டாய்ச் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன், நீலா இல்லாத கொட்டாய் எனக்கு வேண்டாம், வேறு யாரையாவது வைத்து நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்பா கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடப் போனால், கைப்பிள்ளை வைத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நான் யாரையும் வரச் சொல்லவில்லை, மாதா மேல் ஆணை. குழாயடியில் பேசினவளும் அதில் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் அழுகிறார்கள், மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருக்கிறது. கங்காணி கந்தசாமி, "என்னம்மா இது, புள்ளைங்கள வீட்ல விட்டுட்டு மல ஏறுங்க" என்று கெஞ்சுகிறார். அம்மாக்கண்ணு என்று ஒருத்தி, "எந்த வீட்ல? ஒங்க வீட்லயா?" என்று கேட்டாள், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இப்படியே இரண்டு காலை நின்றார்கள். மூன்றாம் நாள் துரையே ஜீப்பில் வந்து, டாக்டர் எழுத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நீலா கொட்டாய்க்கு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சாவியை மட்டும் என்னிடம் திருப்பித் தரவில்லை. "லூர்தம்மா, சாவிய நீங்களாத்தான் வெச்சீங்க" என்றார். கொட்டாயை அம்மாக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டார், நல்லவள்தான், பிள்ளைகளை அடிக்க மாட்டாள். நான் மறுபடி கொழுந்து பறிக்கிறேன் பிலோமி. இதுதான் நான் உனக்கு எழுதாமல் வைத்திருந்தது. பதறாதே. கல்யாணமான புதிதில் பறித்த கைதானே, இரண்டு வாரத்தில் விரலுக்குப் பழையபடி வேகம் வந்துவிட்டது, முழங்கால்தான் இறக்கத்தில் கொஞ்சம் மறுக்கிறது. என்னைப் பார்த்துத் துரை ஜீப்பை மெதுவாக ஓட்டிப் போவார், நான் வந்து கேட்பேன், அழுவேன், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் கேட்க மாட்டேன். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போது கொட்டாய் வாசலில் ஒரு பிள்ளை நின்றுகொண்டு, இன்றைக்குத் தின்றது, இன்றைக்குச் சண்டை போட்டது என்று ஒன்று விடாமல் எனக்குச் சொல்கிறது, அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வீடு வந்துவிடுகிறேன். எனக்கு அது போதும், நான் யாரிடமும் போய் நான் செய்தது தப்பு என்று சொல்லப் போவதில்லை.

போன வாரம் ரொஹானா டாக்டர் நம் தோட்டத்துக்கு வந்தபோது மலை ஏறி வந்து என்னைப் பார்த்தார், கூடையும் தலையுமாக நான் நின்றதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டிரசரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார், இனிமேல் வலிப்பு வந்த பிள்ளைகளைத் தன்னிடம் அனுப்பிவிட்டுத்தான் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாடு, வேலப்பனும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார், நீலா விஷயத்தில் அவருக்கும் மனம் உறுத்தியிருக்கிறது. கியா பார்மில் ஒரு சீனப் பையன், காட்டுக்குள்ளிருந்து வந்த ஒரு ஓராங் அஸ்லி ஆதிவாசிக் குழந்தை, இப்படி இன்னும் சில பிள்ளைகளுக்கும் யோசித்துப் பார்த்து மாத்திரையைக் குறைத்திருக்கிறார். உன்னிடம் சொல்லச் சொன்னார், நான் கட்டுரை எதுவும் எழுதுகிறவள் இல்லை, எனக்கு நேரமும் இல்லை, அதனால் உங்கள் மகள் பேர் என் மூலமாக எந்தப் புத்தகத்திலும் ஏறாது, அதற்கு மன்னிக்கச் சொல்லுங்கள், ஆனால் அவர் எழுதியதை நான் தினமும் உபயோகிக்கிறேன் என்று. உன் புரொபசரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்தத் தடிப் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் தானா ராத்தா என்று ஒரு ஊர் அதில் கிடைக்காது, இங்கே மாத்திரையிலிருந்து எழுந்து பேசின பிள்ளைகளும் கிடைக்க மாட்டார்கள். அதற்காக அவர்கள் இல்லாமல் போய்விடுவார்களா?

அவர் கூப்பிட்டால் மரியாதையாகப் போ, குரலை உயர்த்தாதே, அழாதே, நான் மறுபடி பார்த்தேன், என் முடிவில் தப்பு இல்லை, தப்பு இருந்தால் காட்டுங்கள், காட்டினால் அன்றைக்கே எழுதித் தருகிறேன், காட்டாமல் கேட்டால் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வா. போகச் சொன்னால் போய்விடு, சீமையில் ஒரே ஒரு ஆஸ்பத்திரியா இருக்கிறது, வேறு ஊரில் சின்ன வேலையாக இருந்தாலும் பிள்ளைகளைப் பார்க்கிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்துகொள், எங்கேயும் கிடைக்கவில்லையென்றால் வீடு இருக்கிறது, வா. இந்தக் கடிதம் வருவதற்குள் களைப்பில் போட்டுத் தொலைத்திருந்தால் அதற்காகவும் உடைந்துபோகாதே, நீ என் மகள்தான், அடுத்த நாளே அதே பத்திரிகைக்கு, நேற்று எழுதியது என் வேலைக்காக எழுதியது, முன்பு எழுதியதுதான் உண்மை என்று இன்னொரு கடிதம் எழுது. தலைக்கு எண்ணெய் வை, கம்பளிக் காலுறை ஈரமாக இருந்தால் போடாதே, சோறு ஆக்கிச் சாப்பிடு, ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை, அதற்காக நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மாதா உன் வலது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும், உன்னைச் சுற்றி நிற்கிற எல்லாப் பெரிய ஆட்களையும் விட நீ பார்த்த பிள்ளைகளின் தாய்மார் ஆசீர்வாதம் உனக்குப் பெரிதாக இருக்கட்டும்.

அப்பாவிடம் கீழே இரண்டு வரி எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன், "நான் போடச் சொன்னவன், நான் என்னத்த எழுதறது?" என்று வாங்க மறுத்துவிட்டார். ரோடு இன்னும் ஒரு பக்கம்தான் திறந்திருக்கிறது, தபால் வண்டி நாளைக்கும் ஓடுவது சந்தேகம், மாதக் கடைசிக்குள் உன் கைக்குக் கிடைக்காது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால், இன்றைக்கு லீவு போட்டுவிட்டு யாரிடமோ மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கி வந்து, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், மலையடிவாரத்துத் தாப்பாவில் போடுவதை நம்ப முடியாதாம், ஈப்போ பெரிய தபாலாபீசுக்கே கொண்டுபோய் அவர் கையாலேயே போடப் போகிறாராம். இதில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஹார்ன் அடிக்கிறார், முடித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
அ. லூர்தம்மாள்